தூங்காத வண்டி

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் ஷார்ட்டு. ஆள் என்னவோ கடை வாசலில் தலையைக் குனிந்து நுழைகிற உயரம். "ஷார்ட்டு கடை எதுங்க?" என்று விசாரித்துக்கொண்டு வருகிறவர்கள், எதிரே விளக்குக் கம்பம் மாதிரி நிற்கிறவரைப் பார்த்து ஒரு நிமிஷம் விழிப்பார்கள். அவர் வாயைத் திறந்ததும் பெயர்க் காரணம் விளங்கிவிடும். ஷார்ட் சர்க்யூட்டில் பின்பாதி தேய்ந்துபோய் மிச்சம் நின்ற பெயர் அது.

கார்களுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற கடை. ஒருவர் தானே வாங்கி மாட்டிய கலர் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து "எரியமாட்டேங்குதுங்க" என்றால், அதைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. சாவியைத் தாமதமாகக் கொடுத்தால் கத்துவார். சீக்கிரம் வந்து நின்றாலும் கத்துவார். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று தெருவில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பழமொழியைக் கிளப்பிவிட்டவனே ஒரு கோபக்காரனாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்கு அதனால் லாபம்?

வேலையில் அவர் புலி. அதில் பொய் இல்லை. வந்தவர் "ரெண்டு நாளா என்னன்னா..." என்று தொடங்கும்போதே "டைனமோ பெல்ட்டு" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது பெல்ட்டாகவே இருக்கும். அதுதான் அவர் கெட்டுப்போனதற்குக் காரணம். கேட்காமலே சரியாகச் சொல்கிறவனுக்கு, கேட்கிற பழக்கம் ஏன் வரப்போகிறது?

அவருக்கு ஒரே மகள். தாய் போய்ச் சேர்ந்த பிறகு அவர் வளர்த்த மகள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலேயே தன் சம்பளத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினாள். தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் அப்பாதான். அந்த வண்டிதான் இப்போது அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் நந்தி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது.

விஷயம் இதுதான். வார விடுமுறையில் வண்டி வீட்டில் நிற்கும். விடுமுறை முடிந்து வேலைக்குக் கிளம்பும்போது சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி செத்துக் கிடக்கும். முதல் தடவை ஷார்ட்டு பானெட்டைத் திறந்தார், பேட்டரியைப் பார்த்தார், "ஆயுசு முடிஞ்சிடுச்சு" என்றார், புதியது போட்டார். பழையதை வழக்கம்போல அலமாரியில் வைத்து சார்ஜ் ஏற்றினார். அது சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரி சார்ஜ் பிடித்துக்கொண்டு நின்றது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புது பேட்டரியும் செத்தபோது அவருக்குக் கோபம் வந்தது. வண்டி மேல் அல்ல, மகள் மேல்.

"லைட்ட போட்டுட்டுப் போயிருப்ப. இல்லன்னா டிக்கிய சரியா சாத்தியிருக்க மாட்ட. படிச்ச பொண்ணுதானே நீ? கவனம் எங்க மேயுது?"

தெருவே கேட்டது. எதிர்ச் செராக்ஸ் கடை அக்கா பேப்பர் அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மகள், "அப்பா, வண்டி மட்டும் இல்லப்பா. வீட்டுலயும்..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வீட்டுல மாப்பிள்ளைகிட்ட சொல்லு. படுக்கப் போறதுக்கு முன்னால ஒரு தடவ வண்டிய பாத்துட்டு வரச் சொல்லு. அவருக்காவது பொறுப்பு இருக்கு" என்றார் ஷார்ட்டு. மகள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது தடவை அவள் வந்த வேகத்தில் கடை வாசலில் தண்ணீர்க் குடம் உருண்டது. வழியில் போன கார்க்காரர் ஒருவரை நிறுத்தி, ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறாள். வண்டியைக் கடைக்குள் குறுக்கே நிறுத்தி, என்ஜினை அணைத்து, இறங்கிக் கதவை அறைந்தாள்.

"இன்னைக்கு என்னன்னு கண்டுபிடிக்காம நான் இங்கருந்து நகர மாட்டேன். வேற வண்டி எதுவும் உள்ள வரவும் விடமாட்டேன்."

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?

"பேட்டரிதான்..." என்று ஆரம்பித்தார்.

"பேட்டரின்னு இன்னொரு தடவ சொன்னீங்கன்னா பாருங்க! புதுசுப்பா அது. மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர் கூட இன்னும் அழுக்காகல. இன்னைக்கும் நான் லேட்டு. இனிமே லேட்டா வந்தா வரவே வேணாம்னு மேலதிகாரி சொல்லிட்டாங்க. உங்க மாப்பிள்ளை என்ன சொல்றாரு தெரியுமா? 'போனா போகட்டும், நிம்மதியா வீட்டுல இரு'ங்கிறாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு."

ஷார்ட்டு முணுமுணுத்துக்கொண்டே மீட்டரை எடுத்தார். நின்ற வண்டி பேட்டரியைக் குடிக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மைனஸ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டினால், எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று அது காட்டிவிடும். மாட்டினார். எண் எகிறிக்கொண்டு நின்றது.

"பாத்தியா? இந்தக் காலத்து வண்டி எல்லாத்துக்கும் உள்ள கம்ப்யூட்டர் இருக்கு. ஆரம்பத்துல இப்படித்தான் காட்டும். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்று மீட்டரைக் கழற்றப் போனார்.

"ஆரம்பத்துல காட்டுறது தப்புன்னா அப்புறம் காட்டுறத பாருங்க! ரத்தத்த எடுத்த உடனேயா மெஷின்ல வைக்கிறோம்? உறையவிட்டு, அடங்கவிட்டு அப்புறம்தான் வைக்கிறோம். அவசரப்பட்டு வச்சா மெஷின் கண்டபடி உளறும்."

அவருக்குத் தெரியாத விஷயமில்லை. அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கதவைச் சாத்தி, சாவியைத் தூரமாக வைத்துவிட்டு, வண்டி தூங்கும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கிற பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கண்ணயர்ந்து, எண் இறங்கி இறங்கி ஒன்றுமில்லாமல் ஆகும். ஆகாவிட்டால் திருடன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். நடுவில் கதவைத் திறந்தால் எல்லாம் விழித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. இந்தக் காத்திருப்பு ஷார்ட்டுக்கு ஆகாது. அதனால் அந்தச் சோதனையை அவர் முழுசாகச் செய்வதே இல்லை. பேட்டரி மாற்றிக் கொடுத்துவிடுவது சுலபம்.

அன்றைக்கு வேறு வழியில்லாமல் செய்தார். பிறகு ஃபியூஸைப் பிடுங்க வசதியாக ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்து, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, கதவு சாத்தியிருப்பதாக வண்டியை நம்பவைத்தார். சாவியைச் செராக்ஸ் அக்காவிடம் கொடுத்து, "நான் கேக்குறவரைக்கும் இது இந்தப் பக்கமே வரக்கூடாது" என்றார். "அதுக்கு ஏன் சண்டைக்கு வர்ற மாதிரி சொல்றீங்க?" என்று அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பின்சீட்டுதான் அந்தக் கடையில் பெஞ்சு. அதில் அப்பனும் மகளும் உட்கார்ந்தார்கள். வண்டியைத் தொடக்கூடாது. போகவும் முடியாது. ஷார்ட்டின் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"அவருக்கு எல்லாம் தெரியுதுப்பா" என்றாள் மகள்.

"யாருக்கு?"

"உங்க மாப்பிள்ளைக்கு. நான் எங்க நின்னேன், எந்தத் தெருவுல திரும்பினேன், எல்லாம். ஒருநாள் வேலை முடிஞ்சு லைப்ரரிக்குப் போனேன். யாருகிட்டயும் சொல்லல. வீட்டுக்கு வந்ததும் 'என்ன புத்தகம் எடுத்த?'ங்கிறாரு. எப்படித் தெரியும்னு கேட்டா, 'நீதான் காலைல சொன்ன, மறந்துட்டியா?'ங்கிறாரு."

"சொல்லியிருப்ப" என்று சொல்ல வந்தார். மகளின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினார்.

"சொல்லவே இல்லப்பா. ஆனா திரும்பத் திரும்ப அப்படியே சொன்னா எனக்கே சந்தேகம் வருது. 'நீதான் லைட்ட அணைக்கல, நீதான் சொன்ன, நீதான் மறந்துட்ட.' என் தலைக்குள்ள ஏதோ ஆகிப்போச்சோன்னு பயந்து, ஸ்கேன் எடுத்துப் பாக்கலாமான்னு கூட நினைச்சேன். உங்ககிட்ட வந்தா நீங்களும் அதையேதான் சொன்னீங்க. தெருவே கேக்குற மாதிரி."

ஷார்ட்டின் கால் ஆடுவது நின்றது.

"என்கூட வேலை பாக்குறா ஒருத்தி. சேந்து சாப்பிடுவோம், சேந்து வருவோம். எனக்கு இருந்த ஒரே கூட்டு. அவதான் இவருக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்றான்னு நினைச்சேன். வேற யாருக்குத் தெரியும்? ஒருநாள் எல்லாருக்கும் முன்னால வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அவ ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. அழுதுட்டுப் போயிட்டா. இப்ப என்னப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்கிறா."

அவர் எழுந்து போய் எட்டி நின்றே மீட்டரைப் பார்த்தார். எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கு மேல் இறங்குவதாக இல்லை. இன்னும் காத்திருந்தார்கள். அசையவில்லை. வண்டி தூங்கவில்லை. யாரோ உள்ளே அதைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

"நீ லைட்ட போட்டுட்டுப் போகலம்மா" என்றார் ஷார்ட்டு. இதைச் சொல்ல அவருக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஹாரன், வைப்பர், பின்விளக்கு எதற்கும் எண் அசையவில்லை. உள்விளக்கும் கதவுப் பூட்டும் சேர்ந்த ஃபியூஸைப் பிடுங்கியபோது எண் பொத்தென்று விழுந்தது. "மாட்டினான்" என்றார். ஃபியூஸைத் திரும்பச் செருகிவிட்டு, அந்த லைன் போகிற வழியெல்லாம் டார்ச் அடித்துக்கொண்டு போனார். ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கையை உள்ளே விட்டார்.

ஒயர் கட்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. பச்சை விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வண்டி எங்கே போகிறது என்று யாரோ ஒருவருடைய போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற சாதனம். அதை மாட்டியவனுக்கு வேலை தெரியாது. தோலை உரித்துக் கையால் முறுக்கி ஒயர்களைக் கண்டபடி சேர்த்திருந்தான். அந்தக் கோணல் ஜாயின்ட்தான் வண்டியைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது. ஜாயின்டின் மேல் டேப் சுற்றியிருந்தது.

அந்த டேப்பைப் பார்த்ததும் ஷார்ட்டு டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார். கறுப்புத் துணி டேப். சாதாரணமாக எல்லோரும் சுற்றுகிற பளபளப்பு டேப் வெயிலுக்கு இளகிப் பிசுபிசுக்கும் என்று சொல்லி, அவர் மட்டும் பிடிவாதமாகத் தேடி வாங்குகிற டேப். அந்த வட்டாரத்தில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

மாப்பிள்ளை ஒருநாள் கடைக்கு வந்திருந்தார். பழங்கள் வாங்கிக்கொண்டு, பவ்யமாக, "மாமா, வண்டிக்கு முன்னால ஒரு கேமரா மாட்டணும். எப்பவும் கரண்ட் இருக்குற ஒயர் எது மாமா?" என்று கேட்டார். தொழிலில் மாப்பிள்ளைக்கு ஆர்வம் வந்துவிட்டதே என்று இவருக்குப் பெருமை பிடிபடவில்லை. இடத்தைக் காட்டிக் கொடுத்தார். ஒயர் வெட்டிக் கொடுத்தார். "சும்மா கடை டேப் சுத்தாதீங்க மாப்பிள்ளை, இத எடுத்துட்டுப் போங்க" என்று தன் டேப்பையும் கையில் திணித்து அனுப்பினார். கேமரா எங்கே என்று அப்புறம் கேட்கத் தோன்றவே இல்லை.

சொந்தக் கையாலேயே தன் பெண்ணின் கழுத்தில் மணி கட்டி அனுப்பியிருக்கிறார். வாங்கிப் போனவன் அதை வைத்துக்கொண்டு அவளைப் பைத்தியக்காரி ஆக்கிக்கொண்டிருந்தான். கூடவே நின்று இவரும் ஆமாம் போட்டார்.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து காட்டினார். யார் வேலை, எந்த டேப், எப்படிப் போனது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். மகள் அழுவாள் என்று நினைத்தார். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப எனக்கு மறதி இல்ல."

"இல்லம்மா."

"அவ யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. நான்தான் அவள அநியாயமா..." பக்கத்தில் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்துத் தரையில் வீசி அடித்தாள்.

ஷார்ட்டு வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "அவன் ஆபீஸ் எங்கன்னு எனக்குத் தெரியும். அங்கயே போயி, அத்தனை பேருக்கு முன்னாலயும் அவன் பல்லக் கழட்டிக் கையில கொடுத்துட்டு வரேன்."

"கீழ வைங்க. நீங்க போயி கத்துனா அது உங்க சண்டையாயிடும். மாமனாருக்குக் கோபம் ஜாஸ்தின்னு ஊரே பேசும், அவரு நல்லவராயிடுவாரு. இது என் சண்டைப்பா."

அவர் வைக்கவில்லை. அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். கடைசியில் ஸ்பேனர் அவள் கைக்குப் போனது.

"இந்தப் பெட்டிய அணைச்சு வைக்காதீங்க" என்றாள். "விளக்கு இங்கயே எரியட்டும்."

புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அலமாரிக்குப் போனார். முதல் தடவை 'ஆயுசு முடிஞ்சிடுச்சு' என்று தள்ளிவைத்த பழைய பேட்டரியை இறக்கி மீட்டர் வைத்துப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். பெட்டியை அதில் மாட்டினார். பச்சை விளக்கு மறுபடி சிமிட்டத் தொடங்கியது. வண்டியின் ஒயரை ஒழுங்காகப் பற்றவைத்து மூடி, மறுபடி காத்திருந்து, மீட்டரில் எண் இறங்கி அடங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் "எடுத்துக்க" என்றார். சாவியைக் கொண்டுவந்து கொடுத்த அக்கா, மகளின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"எங்கம்மா போற?"

"முதல்ல அவகிட்ட. காலுல விழுந்தாவது மன்னிப்பு கேக்கணும். அப்புறம் எங்கன்னு எனக்கே தெரியல. ஆனா அந்த வீட்டுக்கு இல்ல."

தன் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் போன பின்பு ஷார்ட்டு அன்றைக்கு வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. வந்த இரண்டு பேரையும் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். கத்தாமல் அனுப்பினாராம். அதைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது என்று செராக்ஸ் அக்கா பிற்பாடு சொன்னாள்.

வெயில் தணிகிற நேரத்தில் மாப்பிள்ளை வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் போன், முகத்தில் எப்போதும் இருக்கிற சிரிப்பு.

"என்ன மாமா, வண்டி சரியாயிடுச்சா?"

"எந்த வண்டி?"

"அவ வண்டிதான் மாமா. இங்கதானே..." கடைக்குள் எட்டிப் பார்த்தார். எண்ணெய்க் கறை படிந்த காலித் தரைதான் இருந்தது.

"இங்க இருக்குன்னு யாரு சொன்னா?"

"அவதான் மாமா. போன்ல சொன்னா."

"அவ போன அணைச்சு வச்சிருக்கா."

சிரிப்பு கொஞ்சம் கோணியது. "காலைலயே சொன்னா. அதான்... எங்க மாமா அவ?"

"உன் போன் என்ன சொல்லுது?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து வாங்க, போங்க, மாப்பிள்ளை என்றே கூப்பிட்டு வந்த வாய். 'உன்' என்ற சொல் விழுந்ததும் அந்த மனிதனின் முகத்தில் ரத்தம் வற்றியது. கையிலிருந்த போனைத் தன்னை அறியாமல் பார்த்துக்கொண்டான். ஷார்ட்டு நகர்ந்து நின்று பெஞ்சைக் காட்டினார். பழைய பேட்டரி. அதன் மேல் தீப்பெட்டி அளவுப் பெட்டி. பச்சை விளக்கு. சுற்றிலும் பிய்த்தெடுத்த கறுப்புத் துணி டேப்.

"இங்கதான்னு காட்டுதா? அப்ப இங்கதான் இருக்கா. பேசு. கூட்டிட்டுப் போ. என்ன புத்தகம் எடுத்தன்னு கேளு!"

"மாமா, ஒரு பாதுகாப்புக்காகத்தான்..."

"யாருகிட்டருந்து?" அடக்கி அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெடித்தது. தெருவில் கடைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். "யாருகிட்டருந்துடா பாதுகாப்பு? அவ தலை சரியில்லன்னு அவளையே நம்பவச்சியே, அதுவா பாதுகாப்பு? என் டேப்ப என்கிட்டயே வாங்கிட்டுப் போயி என் பொண்ணுக்குச் சுத்தியிருக்க! நானும் பல்ல இளிச்சுக்கிட்டு இடத்தக் காட்டியிருக்கேன்! அவ எங்க இருக்கான்னு தெரியணுமா? அவகிட்ட கேளு. சொன்னா தெரிஞ்சுக்க. சொல்லலன்னா தெரிஞ்சுக்காத. போ!"

அவன் போனான். போகிற போக்கில் பெட்டியை எடுக்கக் கை நீட்டினான். ஷார்ட்டு ஒரு பார்வை பார்த்தார். கை திரும்பிக்கொண்டது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் பின்சீட்டில் உட்கார்ந்தார். கத்தியதில் நெஞ்சு ஆறவில்லை. மாப்பிள்ளையைத் திட்டியதில் பாதி தனக்கும் சேர வேண்டியது என்று அவருக்குத் தெரியும். தன்னைத் திட்டத் தெருவில் ஆள் இல்லை. செராக்ஸ் அக்கா ஒருத்திதான் எதிரிலிருந்து சொன்னாள். "இந்தக் கத்தல அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட கத்தாம இருந்திருக்கலாம்."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மகளிடமிருந்து போன் வந்தது. பாய்ந்து எடுத்தார். பின்னால் இன்னொரு பெண்ணின் குரலும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"எங்க இரு..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. வண்டி ஸ்டார்ட் ஆச்சா?"

"ஆச்சுப்பா."

"சரி. நீ சொல்லு" என்று போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.